செவ்வாய்க்கிழமைக்கு ஓர் அறை

முதல் செவ்வாய்க்கிழமை அண்ணன் காரில் ஏற மறுத்துவிட்டார். "நீங்க ரெண்டு பேரும் முன்னால போங்க. நான் மோட்டார்ல பின்னாலயே வர்றேன்" என்றார். பெஸ்தாரி ஜெயாவிலிருந்து கிள்ளானுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாத ஓட்டம். மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. அண்ணியும் நானும் ஒன்றும் பேசவில்லை. இஜோக் தாண்டி, ஜெராம் தாண்டி, கண்ணாடியில் ஒற்றை விளக்கு ஒன்று பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. காப்பாருக்கு முன்னால் அது காணாமல் போனது. சாலையோரம் ஒரு சீனக் கடை, பக்கத்தில் பெட்டி பெட்டியாக பீர் அடுக்கிய இன்னொரு கடை. அண்ணி திரும்பிப் பார்க்கவே இல்லை. மடியில் இருந்த கைப்பையின் வாரை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் கழித்து விளக்கு திரும்ப வந்தது. மழைச்சட்டை போட்டுக்கொள்ள நிறுத்தினாராம்.

தனியாக மோட்டாரில் வந்ததற்குக் காரணம் எங்களுக்குத் தெரியும். பிடிக்காவிட்டால் உடனே திரும்பிப் போக வேண்டும், அதற்கு யாருடைய தயவும் கூடாது. ஒரு தேவாலயத்தின் பின்கட்டில், குடியை விட நினைப்பவர்களின் கூட்டம். வாசலில் வந்தும் எஞ்சினை அணைக்கவில்லை. உள்ளேயிருந்து சிலிப்பர் போட்ட ஒருவர் வெளியே வந்தார். அறுபது வயதிருக்கும். அண்ணன் முகத்தைப் பார்த்தார், ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைப் பார்த்தார். "சாவிய கையிலயே வச்சுக்குங்க. உள்ள கதவோரமா ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்கேன். எப்ப போகணும்னு தோணுதோ அப்ப எழுந்து போகலாம், யாரும் ஏன்னு கேக்க மாட்டோம்" என்றார். அதைச் சொன்னவருக்கும் முதல் நாள் ஒரு கதவோர நாற்காலி கிடைத்திருக்க வேண்டும் என்று பிறகுதான் புரிந்தது.

அந்த அறையில் மற்றவர்கள் பேசியது எதையும் இங்கே எழுதப்போவதில்லை. அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியால்தான் அந்த அறையே நிற்கிறது. அண்ணன் கதையை எழுத அவரே சம்மதித்தார். "பேர் மட்டும் வேணாம். ஆனா எழுது. நம்ம பக்கத்துல எத்தன பேருக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது" என்றார்.

கள்ளுக்கடை இருந்த இடம்

எங்கள் கோலா சிலாங்கூர் வட்டாரத்தைச் சுற்றுலாக்காரர்கள் கம்போங் குவாந்தான் மின்மினிகளுக்காகவும் மெலாவத்தி குன்றுக்காகவும் அறிவார்கள். எங்களுக்கு அது தோட்டம். மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917இல் இங்கே தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயாத் தோட்ட வாழ்க்கையை நாவலாக எழுதி, பிரான்சின் கோன்கூர் பரிசையும் 1930இல் வாங்கினார். காட்டை அழித்து, குழி வெட்டி, மரத்தை வளர்த்தெடுத்த கைகள் பெரும்பாலும் தமிழ்க் கைகள்.

பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, ஓர் இடம், கோயிலுக்கு ஓர் இடம், கள்ளுக்கடைக்கு ஓர் இடம் என்று அந்தத் தோட்டங்கள் திட்டமிட்டே அமைக்கப்பட்டன. விடியற்காலையில் வெட்டுக்காட்டுக்குப் போய், வெயில் ஏறித் திரும்பும் உடம்புக்குத் தோட்டம் அருகில் வைத்துக்கொடுத்த ஆறுதல் அந்தக் கள்ளுக்கடை ஒன்றுதான். வாங்கிய சம்பளத்தில் ஒரு பங்கு அங்கேயே திரும்பிப் போனது. நம் ஆட்களுக்குக் குடி பிறவிக் குணம் என்று சொல்பவர்கள் முதலில் இந்த வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

நம்மவர்கள் அதை எதிர்க்காமலும் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச்.நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் படித்தால் நெஞ்சு நிமிரும். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். அந்தப் பட்டியலில்தான் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். கலகத்தை அடக்கப் பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை எழுந்தது. பீடோங்குக்கு அருகே ஹார்வர்டு தோட்டத்தில் ஏ.எம்.சாமி திரட்டிய இளைஞர்கள் 1947இல் கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தார்கள், போலீசின் அடியை வாங்கினார்கள். குடித்துவிட்டு வந்தவர்களைத் தண்டிக்கவும் செய்தார்கள்.

கடையை மூடு, குடிப்பவனைத் தண்டி. நம் பாட்டன்மார் அறிந்த வழிகள் இந்த இரண்டும்தான். இரண்டிலும் அவர்களுடைய மானம் இருந்தது, அதை நான் வணங்குகிறேன். ஆனால் கடை மூடிய பிறகும் கை நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை என்ன செய்வது என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

கள்ளுக்குப் பிறகு சம்சு வந்தது. மலிவு விலையில், சட்டைப் பைக்குள் அடங்கும் குட்டிப் போத்தலில், மருந்து போலப் பெயர் ஒட்டி வந்த சாராயம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதை எதிர்த்துப் பல பத்தாண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறது. குடிக்கும் வயதை 18இலிருந்து 21ஆக உயர்த்திய விதிமுறை 2017 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அடுத்த ஆண்டே, 2018 செப்டம்பரில், மெத்தனால் கலந்த மலிவுச் சாராயம் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் 30 பேருக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. செத்தவர்களில் பெரும்பாலோர் நேப்பாளம், மியன்மார், வங்காளதேசம், இந்தியா என்று வேலை தேடி வந்தவர்கள். நம் தாத்தாக்கள் இருந்த லயங்களில் இன்று அவர்களைப் போன்றவர்கள் இருக்கிறார்கள்.

தோட்டங்கள் கைமாறி, துண்டாடப்பட்டு, சனம் தாமான்களுக்கும் அடுக்கு வீடுகளுக்கும் போன கதையை இந்த இதழ் பலமுறை எழுதியிருக்கிறது. போகும்போது கோயிலைப் பெயர்த்துக்கொண்டு போனோம், பள்ளிக்கூடத்துக்கும் போராடினோம். குடியும் சாமான்களோடு சாமானாகக் கூடவே வந்தது.

கற்பூரத்தின் மேல் அடித்த சத்தியம்

அண்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். அவரைவிட மனவுறுதி உள்ள ஆளை நான் பார்த்ததில்லை. வருடாவருடம் ஐயப்பனுக்கு மாலை போடுவார். 48 நாள் ஒரு சொட்டு தொட மாட்டார். அந்த நாட்களில் வீட்டில் பிள்ளைகளின் குரல்கூட உயர்ந்து கேட்கும். 49ஆம் நாள் மாலையைக் கழற்றிய கையோடு கூட்டாளிகள் வந்துவிடுவார்கள். "சாமி விரதம் முடிஞ்சிருச்சு" என்ற சந்தோஷத்தில் தொடங்கும் போத்தல், அடுத்த வருடம் மாலை போடும்வரை மூடாது.

இடையில் எத்தனை சத்தியம்! கற்பூரத்தின் மேல் அடித்திருக்கிறார், மகள் தலையில் அடித்திருக்கிறார், அப்பா படத்தின் முன்னால் அழுதுகொண்டே அடித்திருக்கிறார். ஒவ்வொன்றும் உண்மையான சத்தியம், நான் பார்த்தவள். ஒவ்வொரு சத்தியமும் உடைந்தபோது குடியோடு சேர்ந்து ஒரு வெட்கமும் ஏறிக்கொண்டது. அந்த வெட்கத்தை மறக்க இன்னொரு போத்தல். "நீ ஆம்பளயா, சொன்ன சொல்லக் காப்பாத்தத் தெரியல" என்று நாங்களும் எங்கள் பங்குக்கு ஊற்றினோம். இன்று நினைத்தாலும் என் நாக்கு கசக்கிறது.

ஒருமுறை தீபாவளிக்கு அடுத்த நாள் அவரே முடிவெடுத்து, எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினார். நல்ல சகுனம் என்று நினைத்தோம். இரண்டாம் நாள் காலை, பசியாற உட்கார்ந்தவர் வலிப்பு வந்து நாற்காலியிலிருந்து சரிந்தார். மூன்றாம் நாள் இரவு சுவரில் எறும்பு ஊர்கிறது, கதவோரம் யாரோ நிற்கிறார்கள் என்று அலறினார். முனி அடித்துவிட்டது என்று ஆளுக்கொரு பக்கம் சொன்னார்கள். எலுமிச்சம்பழத்தோடு சாமியாடியைக் கூட்டிவரப் பெரியம்மா மகன் கிளம்பியே விட்டார். அண்ணிதான் அடம்பிடித்து ஆம்புலன்ஸ் கூப்பிட்டார்.

இதைப் படிக்கும் ஒவ்வொரு குடும்பமும் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பல வருடம் தினமும் குடித்த உடம்பு, ஒரே நாளில் நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரைக்கும் கடும் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், இல்லாததைப் பார்ப்பது, ஆள் அடையாளம் தெரியாமல் போவது எல்லாம் நடக்கலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். சாராயத்தின் அமுக்கத்துக்கு வருடக்கணக்காகப் பழகிய மூளை, அந்த அமுக்கம் திடீரென்று விலகியதும் கட்டுமீறித் துள்ளுவதால் வருவது இது. பேயும் இல்லை, நடிப்பும் இல்லை. மருத்துவமனையில் மருந்து கொடுத்து ஐந்தாறு நாளில் பதமாக இறக்கிவிடுவார்கள், வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். ஆகவே தினக்குடியை நிறுத்த நினைப்பவர் முதலில் போக வேண்டிய இடம் அரசாங்கக் கிளினிக். குடிமக்களுக்கு அங்கே 1 வெள்ளிதான் கட்டணம். கூட்டமெல்லாம் அதற்குப் பிறகு.

அட்டையின் பின்பக்கம் ஒரு நம்பர்

அண்ணன் வார்டிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு, மருந்து வாங்கப் போன கிளினிக்கில் ஒரு மிஸ்ஸி அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தாராம். உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த பத்துக் கேள்விகள் இருக்கின்றன, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு, நிறுத்த முடியாமல் போனதுண்டா, காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறதா என்று போகும். அந்தத் தாளில் அண்ணன் வாங்கிய மதிப்பெண்ணைக் காட்டிவிட்டு, மிஸ்ஸி சொன்னது இதுதான்: "மருந்து உடம்ப எறக்கி விட்டுரும்மா. மறுபடியும் ஏறாம பாத்துக்க ஆளுங்க வேணும்." சந்திப்பு அட்டையின் பின்பக்கம் ஒரு தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். சுருக்கமாக ஏஏ.

அட்டை மூன்று வாரம் அரிசி டப்பாவுக்கு அடியில் கிடந்தது. அண்ணனிடம் காட்டினால் சண்டை வரும் என்ற பயம். இங்கிலீசில் பேசினால் என்ன செய்வது என்ற கூச்சம். நாலாவது வாரம், அண்ணன் மறுபடி ஒரு நாள் தள்ளாடி வந்த ராத்திரிக்கு மறுநாள், துணி காயப்போடும் இடத்தில் நின்றுகொண்டு அண்ணி போன் போட்டார். எதிர்முனையில் ஒரு ஆண் குரல், நல்ல தோட்டத்துத் தமிழ். "குடிக்கிறது நீங்களாம்மா, வீட்டுக்காரரா?" அந்த ஒரு கேள்வியில் அண்ணிக்கு அழுகை வந்துவிட்டது. கேட்டவர் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. பிறகு, "நானும் அப்படித்தாம்மா இருந்தேன்" என்றார்.

இந்த இயக்கமே ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. 1935 மே மாதம். நியூயார்க்கைச் சேர்ந்த பங்கு வியாபாரி பில் வில்சன், அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்தில் ஒரு ஹோட்டல் முகப்பில் நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த வியாபாரம் கெட்டுப்போனது. ஒரு பக்கம் மதுக்கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் தொலைபேசி. அங்கிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்து வரிசையாகக் கூப்பிட்டார். யாராவது ஒரு குடிகாரரிடம் பேச வேண்டும், இல்லாவிட்டால் நான் குடித்துவிடுவேன் என்பதுதான் அவர் கேட்டது. கைமாறிக் கைமாறிக் கடைசியில் பாப் ஸ்மித் என்ற டாக்டரிடம் கொண்டுபோய் விட்டது. அந்த டாக்டரும் மீளாக் குடியர். கால் மணி நேரம் மட்டும் பேசுவேன் என்று வந்தவர் மணிக்கணக்கில் பேசினார். டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாள் 1935 ஜூன் 10. ஏஏ தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது அதைத்தான்.

அந்த இரண்டு பேரும் கண்டுகொண்ட விஷயம் எளிமையானது, ஆனால் நம் ஊருக்கு அது புதிது. குடிப்பவனுக்குப் புத்தி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மனைவி சொல்வாள், பூசாரி சொல்வார், தோட்டத்து மண்டோர் சொல்வார். சொல்பவர் எல்லாரும் மேட்டில் நிற்பவர்கள். பள்ளத்தில் விழுந்து எழுந்த ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் கை நடுங்கிச்சு, நானும் பொண்டாட்டி தாலிய அடகு வச்சேன்" என்று சொல்லும்போது மட்டும் காது திறக்கிறது. சொல்பவனுக்கும் அதில் ஒரு காவல் இருக்கிறது. இன்னொருவனைத் தூக்கிவிடும் நாளில் தான் விழாமல் இருக்கிறான்.

மனத்தைத் தொடும் கதை மட்டும்தானா, பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். மருத்துவ ஆய்வுகளைச் சலித்துத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு 2020இல் 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை, அலசியது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பது என்ற அளவுகோலில், இந்த வழிக்கு முறையாக ஆளைக் கூட்டிவரும் சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலான பலன் தந்தது. ஓராண்டு முடிவில் 100க்கு 42 பேர் குடிக்காமல் இருந்தார்கள், மற்ற சிகிச்சைகளில் 35 பேர். பாதிக்கு மேல் இன்னும் விழுகிறார்கள் என்பதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

மைலோ டின்

அறைக்குள் ஒன்பது பேர். பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாக. மூலையில் ஒரு மேசையில் பிளாஸ்கில் தேத்தண்ணி, பிஸ்கட். பத்திரிகைக்காரி என்று நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். குடிப்பவர்களுக்கு மட்டுமான கூட்டம், யாரும் வரக்கூடிய திறந்த கூட்டம் என்று இரண்டு வகை உண்டு. அன்று திறந்த கூட்டம் என்பதால் அண்ணியையும் என்னையும் உட்கார விட்டார்கள்.

ஒருவர் தொடங்கிவைத்தார். ஒவ்வொருவரும் பெயரை மட்டும் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்கிறார். மற்றவர்கள் அந்தப் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்கிறார்கள். ஒருவர் பேசும்போது குறுக்கே யாரும் பேசுவதில்லை. முடித்த பிறகும் அறிவுரை இல்லை, விசாரணை இல்லை. "நன்றி" என்று மட்டும் சொல்லி அடுத்தவருக்குப் போகிறது. பேசப் பிடிக்காதவர் தலையசைத்துவிட்டு விடலாம். நம் சனம் கூடும் எந்த இடத்திலும் இப்படி ஒரு கேட்டலை நான் கண்டதில்லை. சங்கக் கூட்டத்தில் பார்த்ததில்லை, கல்யாணப் பேச்சில் பார்த்ததில்லை. ஒரு மனிதன் தன் வாழ்க்கையின் ஆகக் கேவலமான இரவைச் சொல்லி முடிக்கும்வரை எட்டுப் பேர் மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல் இருந்தார்கள்.

குடிகாரன் என்பது எங்கள் லயத்தில் வசைச்சொல். பிள்ளைகள் சண்டையில் "உங்கப்பன் குடிகாரன்" என்றால் அடிதடிதான். குடிநோயாளி என்ற சொல் அதிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கிறது. அமெரிக்க மருத்துவச் சங்கம் மீளாக்குடியை நோய் என்று ஏற்றது 1956இல். நோய் என்று சொல்லிவிட்டால் பொறுப்புத் தட்டிக்கழியும் என்று அண்ணி பயந்தார். நடந்தது வேறு. சர்க்கரை வியாதிக்காரர் தினமும் மாத்திரை போடுவதுபோல அண்ணனுக்குத் தினமும் செய்ய ஒரு வேலை வந்தது.

பாதியில் ஒரு மைலோ டின் சுற்றி வந்தது. மூடியில் உண்டியல்போல ஒரு கீறல். ஏஏவில் சந்தா கிடையாது, கட்டணம் கிடையாது, அரசாங்கத்திடமோ செல்வந்தரிடமோ நன்கொடை வாங்குவதும் கிடையாது. உள்ளே இருப்பவர்கள் போடும் சில்லறைதான் வாடகைக்கும் தேத்தண்ணிக்கும். புதிதாக வந்தவர் போட வேண்டியதில்லை என்று டின்னை அண்ணனைத் தாண்டிக் கொடுத்தார்கள். அண்ணன் கையை நீட்டி வாங்கினார். சட்டைப் பையிலிருந்து 5 வெள்ளித் தாளை எடுத்து, நான்காக மடித்து, அந்தக் கீறலுக்குள் நுழைக்கப் பார்த்தார். விரல் நடுங்கியதில் மூன்று முறை தவறியது. யாரும் உதவப் போகவில்லை. நான் எழப் போனேன், அண்ணி என் முழங்காலை அழுத்தினார். நாலாவது தடவை போட்டுவிட்டார்.

அவருடைய முறை வந்தபோது பெயரைச் சொன்னார். "கேக்கத்தான் வந்தேன்" என்றார். அவ்வளவுதான். பேச ஆரம்பித்தது மூன்றாவது வாரம்.

தேவாலயம் என்றதும் சொந்தக்காரர்கள் கிளப்பிய பேச்சைச் சொல்லாமல் விட முடியாது. மதம் மாற்றிவிடுவார்கள் என்றார்கள். உலகம் முழுவதும் இந்தக் கூட்டங்களுக்கு மலிவாக அறை கொடுப்பவை தேவாலயங்கள் என்பதைத் தவிர இதில் வேறொன்றும் இல்லை. ஏஏ எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. தன்னைவிடப் பெரிய ஒன்றை நம்பு என்கிறது, அது எது என்பது அவரவர் பாடு என்று விட்டுவிடுகிறது. அண்ணனுக்கு அது முனியாண்டி. அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் தோட்டத்து முனிக்குத் தலைமுறை தலைமுறையாகப் படையல் சாராயமும் சுருட்டும். படைத்த போத்தலைப் பூசை முடிந்து ஆண்கள் பகிர்ந்துகொள்வார்கள். இந்த வருடம் அண்ணன் இளநீர் படைத்தார். முனி கோபித்துக்கொள்ளும் என்று பெரியம்மா மகன் சொன்னபோது, "அவருக்கும் ஈரல் இருக்கும்ல" என்று அண்ணி சொன்னார். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

நாலாவது மாதம் ஒரு கருமாதி வீட்டில் அண்ணன் குடித்துவிட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை போக மறுத்தார். எந்த முகத்தோடு போவது? அந்தச் சிலிப்பர்காரர் போன் செய்தார், அண்ணன் எடுக்கவில்லை. மறுபடி செய்தார். மூன்றாவது தடவை எடுத்தார். என்ன பேசினார்களோ, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அங்கே, எத்தனை நாள் ஆகிறது என்று சொல்லும் இடத்தில், நூற்றுப் பதினெட்டு என்று சொல்ல வேண்டியவர் "மூணு" என்றார். கை தட்டினார்கள். காரில் திரும்பி வரும்போது ஜெராம்வரைக்கும் அழுதுகொண்டு வந்தார். சத்தியம் உடைந்ததற்கு வீட்டில் எத்தனையோ முறை அழுதிருக்கிறார். தன்னை வரவேற்றதற்காக அவர் அழுதது அன்றுதான். இங்கே சத்தியமே கிடையாது. இன்று ஒரு நாள் குடிக்காமல் இரு என்பதுதான் கணக்கு. நாளைக்கு நாளை பார்த்துக்கொள்ளலாம். 48 நாளுக்கு ஒரு கடைசி நாள் உண்டு, இன்றைக்குக் கடைசி நாள் கிடையாது.

அண்ணிக்கும் ஒரு அறை இருக்கிறது. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான அல்-அனான், பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் தொடங்கிவைத்தது. போத்தலைத் தேடி ஒளித்துவைப்பது, முதலாளிக்குப் பொய் சொல்வது, அவர் எத்தனை மணிக்கு வருகிறார் என்று சாலையைப் பார்த்தே தன் ஆயுளைக் கழிப்பது என்று பதினாறு வருடம் இருந்தவர் அண்ணி. புருசன் வராவிட்டாலும் மனைவி போகலாம் என்பதைத்தான் அன்று தொலைபேசியில் அந்தக் குரல் சொன்னது. இன்னொன்றும் உறுத்துகிறது. அந்த அறையில் குடிநோயாளி என்று சொல்லிக்கொண்ட பெண் ஒருத்தியும் இல்லை. குடிக்கும் பெண்கள் நம்மிடையே இல்லாததால் அல்ல. ஆண்கள் நிறைந்த அறைக்குள் வந்து அதைச் சொல்ல அவர்களுக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஐம்பது கிலோமீட்டர்

வடக்கு சிலாங்கூரில் குடியை விடும் வைராக்கியம் உள்ளவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு கார்த்திகையிலும் கறுப்பு வேட்டி கட்டும் எத்தனையோ பேர் அதை நிரூபிக்கிறார்கள். இல்லாதது, கைக்கெட்டும் தூரத்தில் தமிழில் பேசும் ஓர் அறை. தஞ்சோங் காராங்கிலோ சபாக் பெர்ணாமிலோ இருப்பவர் ராத்திரி ஏழரை மணிக் கூட்டத்துக்குக் கிள்ளான் வருவதென்றால் மத்தியானமே கிளம்ப வேண்டும். முடிந்து திரும்பப் பேருந்தை நம்ப முடியாது. போகவர பெட்ரோல், அரைநாள் கூலி. குடியால் ஏற்கெனவே ஓட்டைப் பையாக இருக்கும் குடும்பம் அதை எத்தனை வாரம் தாங்கும்? 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு இணையத்திலும் கூட்டங்கள் நடக்கின்றன. கைப்பேசி போதும். அண்ணனும் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சேர்ந்திருக்கிறார். ஆனால் முதல் நாள் வருபவருக்குக் கதவோர நாற்காலியை யார் போடுவது?

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் என்ற பெண்மணி குடியால் கணவரை இளவயதிலேயே பறிகொடுத்தவர். 1980இல் சென்னையில் கணவர் பெயரில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். நகரத்து மருத்துவமனையோடு நிற்கவில்லை. நோயாளி சென்னைக்கு வர மாட்டார் என்றால் நாம் அங்கே போவோம் என்று, திருவாரூர் பக்கம் மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டார்கள். டாக்டரும் ஆலோசகர்களும் ஊரிலேயே தங்கினார்கள். இடமும் சாப்பாடும் ஊர் கொடுத்தது. சிகிச்சை முடிந்தவர்களைத் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். குடியிலிருந்து மீண்டவரை ஊரே கண்ணெதிரே பார்த்ததுதான் அடுத்த முகாமுக்கு ஆளைக் கூட்டி வந்தது.

இஜோக்கில், புக்கிட் ரோத்தானில், பெஸ்தாரி ஜெயாவில் நம்மிடம் இல்லாத கட்டடமா? கோயில் மண்டபங்கள் வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கின்றன. தமிழ்ப்பள்ளிகளில் சாயந்திரத்துக்கு மேல் யாரும் இல்லை. தீமிதிக்கும் தேருக்கும் நாம் செலவழிப்பதை நான் குறை சொல்லவில்லை. வாரத்தில் ஒரு ராத்திரி, ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, அதைத்தான் கேட்கிறேன். குடிநோயாளிகள் கூடினால் மண்டபத்துக்குத் தீட்டு என்று ஒரு நிர்வாகத்தில் சொன்னார்கள். கல்யாண ராத்திரிகளில் அதே மண்டபத்துப் பின்பக்கம் உருளும் போத்தல்களைக் காலையில் பெருக்குபவரிடம் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும்.

உதவி தேடுபவர்களுக்கு: முதலில் பக்கத்து அரசாங்கக் கிளினிக். மனம் உடைந்து நிற்கும் நேரத்துக்குச் சுகாதார அமைச்சின் 15555 என்ற நெருக்கடி எண். ஏஏவின் மலேசியத் தொடர்பைக் கிளினிக்கிலோ மருத்துவமனை மனநலப் பிரிவிலோ கேட்டாலும் கிடைக்கும். தமிழில் பேசுபவர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

சிலிப்பர்காரரிடம் அண்ணன் கேட்டாராம், புதுக் கூட்டம் ஆரம்பிக்க எத்தனை பேர் வேண்டும் என்று. "ரெண்டு" என்றாராம் அவர். போன மாதம் அண்ணனும் அண்ணியும் இன்னொரு கோயில் தலைவரைப் போய்ப் பார்த்தார்கள். மண்டபத்துக்குப் பின்னால் பாத்திரம் போட்டு வைக்கும் ஓர் அறை இருக்கிறது, செவ்வாய்க்கிழமைகளில் காலி. புரட்டாசி முடியட்டும், கமிட்டியில் பேசிச் சொல்கிறேன் என்றார் தலைவர். வாசல்வரை வந்து வழியனுப்பியவர், எத்தனை நாற்காலி போட வேண்டியிருக்கும் என்று கேட்டிருக்கிறார்.

ஆறு போதும் என்றிருக்கிறார் அண்ணி. ஒன்றைக் கதவோரமாகப் போடச் சொல்லியிருக்கிறார் அண்ணன்.